ஸ்பிரிங் மட்டும்

இந்தப் பனி நாட்டிலை பெப்ரவரி மாசத்திலை பதினாலு டிகிரிச் சூடு எண்டால் உது என்ன நியாயம்? மருந்துக்கடையிலை நிக்கிற எங்கடை தமிழ்ப் பிள்ளை பையைக் கையிலை தரேக்கை பல்லு முழுக்கத் தெரியச் சிரிச்சுக்கொண்டு சொல்லுறாள், நல்ல வெய்யில் ஆன்ரி, நடந்து போங்கோ, என்ஜோய் பண்ணுங்கோ எண்டு. பைக்குள்ளை கிடக்கிறது என்ரை மனுசன்ரை நோவுக்குப் போடுற குளிசை, போன கிழமையைவிடக் கூடின பவர். அதைத் தந்துபோட்டு என்ஜோய் பண்ணட்டாம். அவளைச் சொல்லி என்ன, அவளும் தன்ரை கோட்டைக் கழட்டிக் கதிரையிலை போட்டிட்டுத்தான் நிக்கிறாள். றோட்டு முழுக்க அப்பிடித்தான். அரைக் காற்சட்டையோடை ஒருத்தன் ஓடுறான். ஒருத்தி தள்ளுவண்டிலின்ரை பிளாஸ்ரிக் மூடியைக் கழட்டிப்போட்டுக் குழந்தைக்கு வெய்யில் காட்டுறாள். பஸ் தரிப்பிலை ரெண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை மேலை தூக்கி வைச்சிருக்கினம், கோயிலிலை தீபம் பாக்கிறமாதிரி. எனக்கு முதுகு வேர்க்குது. கழுத்து வேர்க்குது. இந்தப் பெரிய கோட்டுக்குள்ளை நான் அவியிறன். எண்டாலும் கழட்ட மாட்டன். கழட்டினால் நான் ஒத்துக்கொண்டமாதிரி எல்லே போயிடும். இன்னும் விண்டர்தான். கலண்டரைப் பாருங்கோ எல்லாரும், விண்டர்தான். ஸ்பிரிங் துவங்கிற மார்ச் இருபதுக்கு இன்னும் மூண்டரைக் கிழமை கிடக்கு. ஆனால் கலண்டரை ஆர் பாக்கினம், இந்த மரங்கள் பாக்குதுகளே, இந்த மண் பாக்குதே.

மண் மணக்குது. அதுதான் எனக்குப் பிடிக்கேல்லை. மூண்டு மாசம் ஒரு மணமும் இல்லாமல் கிடந்த நிலம், இண்டைக்கு நனைஞ்ச சாக்கு மாதிரி மணக்குது. கடையள் இருக்கிற இந்தப் பிளாசாவின்ரை மூலையிலை எனக்கொரு பனிக்குவியல் கிடந்தது. எனக்கு எண்டு சொல்லுறன், ஆரின்ரையும் இல்லை, பனி தள்ளுற வண்டில் கார்நிறுத்தத்துப் பனியை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டுற மூலை. ஜனவரியிலை ஒரு லொறி உயரம் நிண்டுது. செவ்வாயும் வெள்ளியும் பராமரிப்புக்கு வாற லோர்னா வந்து இவரைப் பாக்கிற ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளைதான் நான் வெளிக்கிடுறனான். வெளிக்கிட்டால் முதல் வேலை அந்தக் குவியலைப் பாக்கிறது. கறுத்து, கரி பூசி, கோப்பிக் கப்பும் குப்பையும் குத்திக்கொண்டு நிக்கும், அசிங்கம்தான், எனக்கு அது கைலாய மலை. அது நிக்குமட்டும் விண்டர் நிக்கும் எண்டு நானா ஒரு கணக்கு வைச்சிருந்தன். இண்டைக்குப் பாத்தால் படுத்துக் கிடக்கிற நாய் அளவுக்குக் கிடக்கு. அதுவும் காணாதெண்டு பிளாசாவிலை வேலை செய்யிற ஒருத்தன் பனி அள்ளுற சவளாலை அதைக் குத்திக் குத்தி உடைச்சு வெய்யிலுக்குள்ளை பரப்பிக்கொண்டு நிக்கிறான். கெதியாக் கரையட்டாம். எனக்கு வந்த கோவத்துக்கு, விடு, ஏன் அதை உடைக்கிறாய், அது உனக்கென்ன செய்தது எண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை கத்திப்போட்டன். அவன் பயந்துபோய்ச் சவளைக் கீழை வைச்சிட்டு, மேடம், ஸ்பிரிங் வருது எண்டான். ஏதோ எனக்கு நல்ல செய்தி சொல்லுறமாதிரி. விறுவிறெண்டு நடந்து வந்திட்டன். பின்னாலை சவள் சத்தம் திரும்பவும் துவங்கினது கேட்டுது.

ஸ்பிரிங் மட்டும். என்ரை மகள் நிரோ அப்பிடித்தான் சொன்னவள். நவம்பர் மாசம், ஆஸ்பத்திரி கொரிடோரிலை. இவர் உள்ளுக்கை ஊசி போட்ட மயக்கத்திலை கிடக்கிறார். டொக்டர் வந்து நிண்டு பத்து நிமிசம் கதைச்சவர், மெல்லிசாக் கதைச்சவர், எனக்கு லிவர் எண்ட சொல்லும் ஐ ஆம் சொறி எண்ட சொல்லும்தான் பிடிபட்டுது. டொக்டர் போன பிறகு என்ரை மகள் சுவரைப் பாத்துக்கொண்டு, சனிக்கிழமை வகுப்பிலை படிச்ச தன்ரை தமிழைக் கூட்டிக் கூட்டி, அம்மா, அப்பா ஸ்பிரிங் மட்டும் இருப்பாராம் எண்டு சொன்னவள். எனக்கு அந்த நேரம் ஒண்டும் ஓடேல்லை. ஸ்பிரிங் எண்டா எப்ப பிள்ளை எண்டு கேட்டன். பனி கரைஞ்சு பூ வரேக்கை அம்மா எண்டாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்லுறமாதிரி, சொல்லிப்போட்டு அழத் துவங்கிட்டாள். அழுகிற பிள்ளையிட்டைப் பேந்து என்னத்தைக் கேக்கிறது. அவளைக் கட்டிப்பிடிச்சன். அவளின்ரை ஜக்கெற்றின்ரை சிப் என்ரை கன்னத்திலை குத்தினது இப்பவும் ஞாபகம். வீட்டை வந்து இராத்திரி படுத்த பிறகுதான் அந்த ‘மட்டும்’ என்ரை தொண்டைக்குள்ளை முள்ளு மாதிரிச் சிக்கினது. மட்டும் எண்டால் எது வரைக்கும்? துவக்கம் மட்டுமோ, முடிவு மட்டுமோ? பூ வரும் மட்டுமோ, பூ முடியும் மட்டுமோ?

ஊரிலை ஆறு மணி மட்டும் ஊரடங்கு எண்டு லவுட்ஸ்பீக்கரிலை சொன்னால் எங்களுக்கு விளங்கும், ஆறு அடிச்சால் வெளிக்கிடலாம். பங்குனி மட்டும் பொறுங்கோ எண்டால் அதிலைதான் சண்டை வரும், பங்குனி பிறந்தவுடனை ஒருத்தன் வந்து வாசலிலை நிப்பான், பங்குனி முடியட்டும் எண்டு மற்றவன் சொல்லுவான். கலியாணம் கட்டின புதுசிலை ஒருக்கால் நானும் இவரும் கொடிகாமத்துக்குப் போனனாங்கள். கொடிகாமம் மட்டும் போகும் எண்டு சொல்லித்தான் பஸ்காரன் ஏத்தினவன். ஊர் தொடங்கமுதலே, ரெண்டு வயல் தள்ளி, இறங்குங்கோ எண்டிட்டான். ஆமிக்காரன் றோட்டை மறிச்சு நிக்கிறானாம். இவர் சண்டைக்குப் போயிட்டார், கொடிகாமம் மட்டும் எண்டனீ எல்லே எண்டு. ஓமண்ணை, மட்டுந்தான், உள்ளுக்கை எண்டு நான் சொல்லேல்லையே எண்டான் அவன். நாங்கள் ரெண்டு பேரும் வெய்யிலுக்குள்ளை சூட்கேசைத் தூக்கிக்கொண்டு நடந்தம், இவர் நடக்க நடக்க அவனைத் திட்டி, பிறகு திட்டேலாமல் சிரிச்சு, நானும் சிரிச்சு. அப்ப சிரிப்பு வந்தது. இப்ப வரேல்லை. ரெண்டு வயல் தள்ளி இறக்கி விட்டால் நான் என்ன செய்யிறது? இவரை ஸ்பிரிங்குக்கு உள்ளுக்கை போக விடுவினமோ, வாசலோடை மறிச்சுப் போடுவினமோ?

நாலு மாசமா இதை ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. இப்ப பல் டொக்டரின்ரை கட்டிடத்தடியிலை நிண்டு போனை வெளியிலை எடுத்தன். ஒட்டாவாவிலை இருக்கிற நிரோவுக்குத்தானே, அவள் வேலையிலை இருந்தாலும் நான் எடுத்தால் எடுப்பாள், பயத்திலை எடுப்பாள். எடுத்தாள். அம்மா, அப்பாவுக்கு என்ன எண்டாள் முதல் மூச்சிலையே. ஒண்டுமில்லை பிள்ளை, மருந்து எடுக்க வந்தனான். அப்ப ஏன் எடுத்தனீங்கள்? சும்மாதான். சாப்பிட்டியோ? சாப்பிட்டன் அம்மா. என்ன சாப்பிட்டனீ? சாண்ட்விச். உது காணுமே உனக்கு, பசி அடங்குமே. காணும் அம்மா. அங்கை வெய்யிலோ? ஓம், இஞ்சையும் சூடு, எல்லாம் உருகுது. ஓ. சரி வை. வைச்சிட்டன். கேக்க வந்தது நாக்கு நுனியிலை நிண்டுது, வெளியிலை வந்தது சாண்ட்விச். துவக்கம் மட்டும் எண்டு அவள் சொல்லிப்போட்டால்? சொல்லாட்டி எனக்கு ரெண்டு வாசல் திறந்து கிடக்கு, சொன்னால் ஒண்டைச் சாத்திப்போடுவாள். ரெண்டும் திறந்து கிடக்கட்டும், காத்து வரட்டும், நான் நடுவிலை நிண்டு நடுங்கிறன், பரவாயில்லை.

குனிஞ்சு போனைப் பைக்குள்ளை வைக்கேக்கைதான் கண்டன். பல் டொக்டரின்ரை சுவரோரம், வெய்யில் நேரடியா விழுற இடத்திலை, போன வரியத்துச் சருகுக்குள்ளாலை பச்சைக் குருத்து. ஒண்டில்லை, பத்துப் பன்ரெண்டு. அதிலை மூண்டிலை பூ. சின்ன வெள்ளைப் பூ, தலையைக் கீழை தொங்கப் போட்டுக்கொண்டு, செத்த வீட்டிலை நிக்கிற பொம்பிளையள் மாதிரி. உதின்ரை பேர் எனக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும். இவர் பத்தொன்பது வருசம் பள்ளிக்கூடத்திலை கெயார்ரேக்கர். விடியக் காலமை போய் பிள்ளையள் வரமுதல் பனி தள்ளி, உப்புத் தூவி, கைவிரல் வெடிச்சு இரத்தம் வரும், வசிலீன் பூசி விடுவன். இந்த நாட்டு விண்டரை இவர் வெறுத்தமாதிரி ஒருத்தரும் வெறுத்திருக்க மாட்டினம். அதாலை முதல் பூவைக் கண்டவுடனை பள்ளிக்கூடத்துப் போனிலையிருந்து எனக்கு எடுப்பார். தேவி, வந்திட்டுது! நான் அடுப்படியிலை நிண்டு, என்னப்பா வந்தது, சம்பளமோ எண்டு கேப்பன். அந்த மனுசன் கண்டு சந்தோசப்பட்ட அதே பூவைத்தான் நான் இப்ப சப்பாத்தாலை சருகைத் தள்ளித் தள்ளி மூடிக்கொண்டு நிக்கிறன். மூண்டையும் மூடிப்போட்டன். மிதிக்க மனம் வரேல்லை, அது பாவம். மூடினன். ஒரு வெள்ளைக்காரக் கிழவி நாயோடை வந்து, மிச்சக் குருத்துகளைப் பாத்து, எவ்வளவு வடிவு, இந்த முறை காலத்துக்கு முந்தி, எவ்வளவு வெள்ளனத்தோடை வந்திட்டுது எண்டாள். ஓம், கண்டறியாத வெள்ளன எண்டு தமிழிலை சொன்னன். அவள் தாங்க்யூ எண்டிட்டுப் போனாள்.

நான் ஏன் மூடுறன் எண்டு எனக்கே ஒரு நேரம் விளங்குது, ஒரு நேரம் விளங்கேல்லை. இவர் ஆறாம் மாடியிலை கட்டிலிலை கிடக்கிறார், பல் டொக்டரின்ரை பூ அவரின்ரை கண்ணிலை படப் போறதில்லை. ஆனால் நான் வீட்டுக்குள்ளை கால் வைச்சவுடனை கேப்பார், ஏதும் முளைச்சிட்டுதே எண்டு. ஒவ்வொரு செவ்வாயும் ஒவ்வொரு வெள்ளியும் கேப்பார். அது என்ரை வினை, நான் தேடின வினை. அண்டைக்கு மயக்கம் தெளிஞ்சு, டொக்டர் என்னவாம் எண்டு கேட்டவருக்கு, எனக்கு வாயிலை நிண்ட ஒரே சொல்லு ஸ்பிரிங்தான். அதை வைச்சுத்தான் பொய்யைக் கட்டினன். ஸ்பிரிங் வரட்டாம், பிறகு நீங்கள் ஊருக்குப் போகலாமாம் எண்டன். முருகா, அந்த முகம் மலர்ந்தது! அண்டையிலையிருந்து மனுசன் ஸ்பிரிங்கைப் பாத்துக்கொண்டு கிடக்கு. கிணத்தடி மாமரம் பூத்திருக்கும் எண்டுறார், அந்தக் காணியிலை இப்ப ஆரோ வீடு கட்டிப்போட்டினம், மாமரமும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, அதையும் நான் சொல்லேல்லை. அவர் ஸ்பிரிங்கைக் கையாலை இழுக்கிறார், நான் காலாலை தள்ளுறன். ஒரே கட்டிலிலை படுத்துக்கொண்டு. யன்னல் சீலையை இழுத்து விட்டிருக்கிறன், வெளிச்சம் கண்ணுக்குக் கூடாதாம் எண்டு அதுக்கும் ஒரு பொய். வெளியிலை இன்னும் ஐஸ்தானப்பா எண்டுறன். அவர் ஓ எண்டிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கேக்கை அந்த முதுகைப் பாக்கப் பாக்க எனக்கு என்னையே அடிக்கோணும் போலை கிடக்கு. அதோடை ஒரு நிம்மதியும். அப்பாடா, இண்டைக்கும் விண்டர்.

எங்கடை கட்டிடத்து வாசலிலை மரமெல்லாம் கிளை நுனியிலை சிவத்துப் போய் நிக்குது, கிட்டப் பாத்தால் மொட்டு. நிமிராமல் உள்ளுக்கை போனன். லிப்டுக்குள்ளை கண்ணாடி. அறுபத்திமூண்டு வயசுக்காரி, முகமெல்லாம் வேர்வை, கழுத்து மட்டத்துக்குக் கோட்டு. விசரி மாதிரிக் கிடக்கிறாய் சற்குணதேவி எண்டு எனக்கு நானே சொன்னன். நாலாம் மாடியிலை லிப்டு ஏனோ நிண்டு கதவு திறந்து, ஒருத்தரும் இல்லாமல், திரும்ப மூடினது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளையே எனக்குள்ளை ஆயிரம் ஓடி முடிஞ்சுது. இவர் இல்லாட்டி ஆரைத் திட்டுறது. மற்றப் பக்கத்துத் தலையணியை என்ன செய்யிறது. நிரோ வா வா எண்டுவாள், ஒட்டாவாவிலை அவளின்ரை அறைக்குள்ளை ஒரு கட்டில் போடுவாள். இவரின்ரை சப்பாத்துகளை ஆருக்குக் குடுக்கிறது. சீ, என்ன நினைப்பு உது, மனுசன் உயிரோடை கிடக்கு.

கதவைத் திறந்தால் வீடு முழுக்க வெளிச்சம். யன்னல் சீலை இல்லை, பல்கனிக் கதவு மல்லாக்கத் திறந்து கிடக்கு, அந்த வாசலிலை கதிரையிலை இவர், பெனியனோடை. எலும்பும் தோலும். லோர்னா பக்கத்திலை நிண்டு, அவர்தான் கேட்டவர், நான் என்ன செய்ய எண்டு கையை விரிச்சாள். அவளுக்கு நேரமாச்சு, பையைத் தூக்கிக்கொண்டு போயிட்டாள். காத்து உள்ளுக்கை வந்து மேசையிலை கிடந்த, டொக்டர் மருந்து எழுதின கடதாசித் துண்டை நிலத்திலை போட்டுது. நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தப் போனன்.

“விடு தேவி. கோட்டைக் கழட்டு. வேர்த்து ஒழுகுது உனக்கு.”

“வெளியிலை குளிரப்பா. தடிமன் பிடிக்கப் போகுது உங்களுக்கு.”

“ஓம், நல்ல குளிர்.” பெனியனைத் தொட்டுக் காட்டினார். “ஏதும் முளைச்சிட்டுதே?”

“எங்கை? ஐஸ்தான் இன்னும்.”

“மூண்டு நாளாக் கறுப்புக் குருவி ஒண்டு கத்துது, காலமையிலை. செட்டையிலை சிவப்புப் பொட்டு வைச்சதுகள். பள்ளிக்கூட வேலியிலை பத்தொன்பது வருசம் கேட்டனான் அந்தச் சத்தத்தை. அது வந்தால் ஐஸ் இல்லை.” அவர் வெளியைப் பாத்துக்கொண்டே சொன்னார். “ஸ்பிரிங் வந்ததை நீ ஒளிக்கிறாய் எண்டால், ஊருக்குப் போகலாம் எண்டு டொக்டர் சொல்லேல்லை. என்ன?”

நான் நிலத்திலை கிடந்த மருந்துத் துண்டை எடுத்தன். நாலாய் மடிச்சன். திரும்ப விரிச்சன்.

“அவர் என்னதான் சொன்னவர் தேவி? எனக்குச் சொல்லு.”

இவ்வளவு நாளும் கட்டிக் காத்தது அந்தக் குரலுக்கு முன்னாலை ஒரு நிமிசம் நிக்கேல்லை. “ஸ்பிரிங் மட்டுமாம்” எண்டன். சொன்ன உடனை கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டன். கீழை ஆரோ காரிலை பாட்டைச் சத்தமாப் போட்டுக்கொண்டு போனாங்கள். அது தேய்ஞ்சு போற மட்டும் இருந்திட்டு அவர் மெல்லத் திரும்பி என்னைப் பாத்தார்.

“துவக்கம் மட்டுமோ, முடிவு மட்டுமோ?”

“கேக்கேல்லை.”

“நாலு மாசமாவோ?”

“பயத்திலை கேக்கேல்லையப்பா. நான் என்ன செய்ய? எனக்குப் பயம்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நோவாகி, நான் முதுகைத் தடவிக்கொண்டு நிண்டன், முள்ளந்தண்டு ஒவ்வொண்டாக் கையிலை பட்டுது. மூச்சு வந்த பிறகு என்ரை மணிக்கட்டைப் பிடிச்சார்.

“ஊருக்குப் போகேலாது, என்ன?”

“ஏலாதப்பா.”

“ம்.” வாயை ஒருக்கால் இறுக்கினார், அவ்வளவுதான். “சரி. முடிவு மட்டும் எண்டு வைப்பம்.”

“என்னது?”

“டொக்டர் சொல்லேல்லை, நீயும் கேக்கேல்லை. அப்ப நாங்கள்தானே சொல்லோணும். முடிவு மட்டும். ஸ்பிரிங் முடியிறது ஜூன் இருபது, பள்ளிக்கூடம் கோடை லீவு விடுறதுக்குக் கொஞ்சம் முந்தி. ஒரு கிழமை அங்காலை இஞ்சாலை இருக்கும்.” சந்தையிலை மீனுக்கு விலை பேசி முடிச்சமாதிரிச் சொன்னார். “இப்ப ஒரு சட்டையை எடு. கீழை கொண்டு போ என்னை. வெய்யில் போகமுதல்.”

சட்டை போட்டு விட்டன். பொத்தானைப் பூட்டக் குனிஞ்சவளின்ரை கண்ணீர் அவரின்ரை கையிலை விழுந்தது, அவர் துடைக்கேல்லை, நானும் துடைக்கேல்லை. அவரைச் சக்கரக் கதிரைக்கு மாத்தி லிப்டுக்குள்ளை ஏத்தி அவருக்குப் பின்னாலை நிண்டன். அவருக்குத் தெரியாமல் ஒரு கையைப் பின்னுக்கு வைச்சுக்கொண்டு விரலை மடக்கிப் பாத்தன். மார்ச், ஏப்ரல், மே, ஜூன். நாலு விரல். எனக்குக் காணாது.